பழைய லாரிக்கு வயரிங் செட் எடுக்கும் முன்

புளியரை வழியாக ஆரியங்காவு ஏறிப் புனலூர் இறங்கிய அந்தக் கால டாடா பென்ஸ், லேலண்ட் காமெட், பெட்போர்டு லாரிகளைச் செங்கோட்டைப் பக்கத்தில் இன்றும் ஆசையாகப் புதுப்பிக்கிறார்கள். எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் காட்டும் கவனத்தை வயரிங்குக்குக் காட்டுவதில்லை; மாடல் பெயரைச் சொல்லி, கட்டித் தயாராக வரும் வயர்க்கட்டு ஒரு செட் வாங்கிவிடுகிறார்கள். கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேஸிஸும் (அடிச்சட்டம்) முன்முகப்பும்தான் வந்தன. கேபினும் பாடியும் உள்ளூர்ப் பட்டறையில் கட்டியவை. அதனால் பின்விளக்கு, வைப்பர், கேபின் விளக்கு வயர்களின் நீளம் வண்டிக்கு வண்டி மாறும். மாடலை நம்பாமல் வண்டியை அளந்து எடுங்கள்.

பழைய வயரைப் பிடுங்கி எறியாதீர்கள். கருகியிருந்தாலும் அதுதான் உங்கள் வரைபடம். முனைக்கு முனை எண் கட்டி, போட்டோ எடுத்து, முழுசாகக் கழற்றிப் பிளைவுட் பலகையில் விரியுங்கள். கிளைகள் பிரியும் இடங்களில் ஆணி அடித்து, இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் யாரோ சேர்த்த ஏர் ஹார்ன், சீரியல் லைட் வயர்களைத் தனியே ஒதுக்குங்கள்.

அடுத்தது வோல்ட். இரண்டு பேட்டரி இருந்தாலே 24 வோல்ட் என்று முடிவுகட்டாதீர்கள். இணையாகக் கட்டியிருந்தால் அது 12தான். பேட்டரியின் எந்த முனை சேஸிஸில் எர்த் ஆகிறது, அதாவது சேஸிஸோடு இணைகிறது என்றும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு.

பேட்டரியை சார்ஜ் செய்யப் பழைய டைனமோவையே வைக்கப் போகிறீர்களா, இக்கால ஆல்டர்னேட்டர் மாற்றப் போகிறீர்களா? ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். டைனமோ செட்டில் கட்அவுட் பெட்டிக்கு (பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் தடுப்பது) வயர்கள் வரும்; ஆல்டர்னேட்டருக்கு அவை வேண்டாம், நெகட்டிவ் எர்த் வேண்டும். 22 ஆம்பியர் டைனமோவுக்காகப் போட்ட அம்மீட்டர் (கரண்ட் அளவு காட்டும் மீட்டர்) வயரில் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டேஷ்போர்டுக்குள்ளேயே வயர் உருகும். சார்ஜிங் லைனைத் தனித் தடிமனான கேபிளில் நேராக பேட்டரிக்குக் கொண்டுபோய், டேஷில் வோல்ட் மீட்டர் வைப்பது நல்லது.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியான லூகாஸின் முறையில் பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேரே வரும் லைவ். ஜெர்மன் முறையில் பிரவுன்தான் எர்த். பென்ஸ் வழி வண்டிக்கு லூகாஸ் நிற செட் வாங்கிப் பழக்க தோஷத்தில் பிரவுனை சேஸிஸில் முடுக்கினால் பேட்டரி நேரே ஷார்ட் ஆகும்.

வயரின் தடிமனை ஹெட்லைட்டை வைத்துக் கணக்கிடுங்கள். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து சுவிட்ச், டிப்பர் (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்ச்) வழியாக முன்னால் போக 6 மீட்டர் என்று வையுங்கள். 1 ஸ்கொயர் எம்.எம். வயரில் சுமார் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். வெளிச்சத்தில் கால் பங்கு குறையும். 2.5 போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். செல்ஃப் மோட்டார் கேபிள் இந்தச் செட்டில் சேராது; 50 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் குறையாமல் தனியாக வாங்க வேண்டும்.

செட் கைக்கு வந்ததும் ஒரு முனையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் பக்க வயர் 105 டிகிரி தாங்குவதாக இருக்கட்டும், வீட்டு வயர் ஆகாது. நூல் பின்னல் உறை அழகுதான்; ஆனால் ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கண்ணில் படும் இடத்துக்கு மட்டும் பின்னல் போட்டு, சேஸிஸ் அடியில் பிவிசி ஸ்லீவ் கொடுங்கள்.

பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் எழுதியிருக்கும் 35 என்பது அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அந்த இடத்தில் 35 ஆம்பியர் பிளேடு பியூஸ் போடாதீர்கள், 15 போதும்.

பின்விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் கேட்டு வாங்குங்கள். புதுப் பெயிண்ட் சேஸிஸ் எர்த்தைத் தடுக்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் மினுங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

மாட்டி முடித்ததும் பேட்டரியை நேரே இணைக்காதீர்கள். அதன் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில், வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ற 21 வாட் பல்பு ஒன்றை வையுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கையில் அது எரிந்தால் எங்கோ ஷார்ட். கிளை கிளையாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் கோளாறு.