வெளிநாட்டு சர்ஃப் கயாக் போட்டி: கடலில் இறங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கயாக்கில் உட்கார்ந்து, துடுப்பு போட்டு, உடையும் அலைமேல் ஓட்டும் சர்ஃப் கயாக் போட்டிக்கு வெளிநாடு கிளம்புகிறவர்கள் கடைசி மூன்று மாதமும் திருப்பங்களைப் பழகுவதிலேயே செலவிடுகிறார்கள். பழகத்தான் வேண்டும். ஆனால் முதல் ஹீட்டிலேயே (சிலர் சேர்ந்து இறங்கி மோதும் ஒரு சுற்று) ஒருவர் வெளியேறினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் திருப்பம் வராதது அல்ல. பழகிய கடலின் கணக்கோடு பழகாத கடலில் இறங்கியதுதான். சென்னைக் கரையில் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் கடல் ஏறி வற்றும் உயரம் சுமார் 1 மீட்டர்தான். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் இந்த இரண்டு எண்ணுமே அடியோடு மாறிவிடும்.

முதலில் படகு. போட்டிகளில் முக்கியமாக இரண்டு வகுப்புகள் உண்டு. ஹெச்.பி. எனப்படும் ஹை பெர்ஃபார்மன்ஸ் வகுப்பில் குட்டையான, தட்டை அடியுள்ள, ஃபின் (அடியில் பொருத்தும் சிறு சிறகு) பூட்டிய படகுகள் ஓடும். ஐ.சி. எனப்படும் இன்டர்நேஷனல் வகுப்பில் படகு குறைந்தது 3 மீட்டர் நீளம் இருக்க வேண்டும், ஃபின் கூடாது. இதைப் படித்துப் பார்க்காமல் இரண்டு வகுப்புக்கும் பணம் கட்டிவிட்டு, ஒரே படகோடு போய் இறங்குவது பெரிய தவறு. இன்னொரு சிக்கல் விமானத்தில். 3 மீட்டரைத் தாண்டிய பொருளைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. பெரிய விமானத்தில் ஏறிய படகை அடுத்த ஊருக்குப் போகும் சிறிய விமானம் மறுப்பதும் உண்டு. பயணத்தில் எது மிகச் சிறிய விமானமோ அதன் வரம்பைத்தான் கேட்க வேண்டும். நீளம், அகலம், எடை மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். 'சர்ஃப் போர்டு ஏற்றுவோம், கயாக் ஏற்ற மாட்டோம்' என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. ஐ.சி. படகைப் போகும் இடத்திலேயே வாடகைக்கோ இரவலாகவோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இரவல் படகு என்றால் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக்கூடாது. உங்கள் உயரம், எடை, கால் நீளம், ஷூ அளவு ஆகியவற்றை முன்கூட்டியே அனுப்புங்கள். காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பின் வெளிப்புற நீள அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றிக் குழியை மூடும் உங்கள் ஸ்ப்ரே ஸ்கர்ட் அதற்குப் பொருந்தவில்லை என்றால் முதல் பெரிய அலையிலேயே கழன்று, படகு முழுக்கத் தண்ணீர் ஏறிவிடும். இடுப்புக்கும் தொடைக்கும் அடைக்க 10 மி.மீ. ஃபோம் துண்டுகள் சில கொண்டு போங்கள். இடுப்பு ஆடினால் படகு சாயாது, உடல்தான் சாயும். ஒட்டும் பசையை மட்டும் அங்கே வாங்குங்கள். அது எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் அனுமதி இல்லை.

படகின் விரிசலைப் பழுது பார்க்கும் ரெசின் என்ற பிசினுக்கும் அதே கதிதான். பாலியெஸ்டர் ரெசினோடு வரும், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஆர்கானிக் பெராக்சைடு என்பதால் அது பயணிகள் பெட்டியில் போகவே கூடாது. வெயிலில் இறுகும் ரெசின் டியூபையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கும்போதே உங்கள் படகு எபாக்ஸியா பாலியெஸ்டரா என்று தெரிந்துகொள்ளுங்கள். எபாக்ஸி படகின் மேல் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. ஒட்டினது போலத் தெரிந்து, அலை அடித்ததும் தகடாக உரியும். விரிசலை நல்ல தண்ணீரில் கழுவி, உப்பு போக நன்றாகக் காயவைத்து, தேய்த்த பிறகே பூச வேண்டும். குளிர் நாட்டில் இரவு 10 டிகிரியில் வைத்தால் எபாக்ஸி காலைக்குள் இறுகாது; சூடான அறைக்குள் வைக்க வேண்டும். மறுநாளே ஹீட் என்றால் ஈரம் துடைத்து அகலமான டேப் சுற்றுவதே மேல்.

கட்டும்போது ஃபின்களைக் கழற்றி, சாவியோடு சேர்த்துப் பையில் வையுங்கள். மூக்கு, வால், ஓரங்கள் ஆகிய மூன்றுக்கும்தான் அதிகப் பஞ்சு வேண்டும். மொத்த எடை 32 கிலோவைத் தாண்டினால் ஒரே பொதியாக வாங்க மாட்டார்கள். படகுக்குள் இருக்கும் காற்றுப் பைகளை ஊதியபடி அனுப்பாதீர்கள். விமானம் உயரத்தில் இருக்கும்போது சரக்கறையிலும் காற்றழுத்தம் குறைகிறது. பைக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்குவரை விரியும். பை கிழியும், இல்லையென்றால் மெல்லிய கார்பன் தளத்தை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் பிளக் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

அடுத்தது குளிர். இதை நாம்தான் அதிகம் குறைத்து மதிப்பிடுகிறோம். 2017-இல் உலக சர்ஃப் கயாக் போட்டி நடந்த வட அயர்லாந்தின் போர்ட்ரஷில் அக்டோபர் தண்ணீர் சுமார் 13 டிகிரி. அந்தக் குளிரில் தலை நனைந்ததும் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. தன்னிச்சையாகக் காற்றை இழுப்போம். தலைகீழாக இருக்கும் நேரத்தில் அது நடந்தால், நம் கடலில் நூறு முறை வெற்றி பெற்ற ரோலும் (கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது) கைவிடும். ஹீட்டுக்கு முன்பே தண்ணீரில் இறங்கி நாலைந்து முறை தலையை முக்கி எழுந்துவிட வேண்டும். குளிர்ந்த நீர் காதுக்குள் போனால் தலைசுற்றும், மேல் எது கீழ் எது என்று புரியாது. காது அடைப்பான் கட்டாயம்.

குளிர் தாங்கும் 5/4 மி.மீ. தடிமன் வெட்சூட்டை அங்கே போய்ப் புதிதாக மாட்டினால், தோள் இறுகி முன்கை பத்து நிமிடத்தில் விறைக்கும். ஊரிலேயே நீச்சல் குளத்தில் அதை மாட்டித் துடுப்பு போட்டுப் பழகுங்கள், வியர்த்துக் கொட்டினாலும் சரி. களைத்ததும் ஏறி, கழற்றி ஆறவிடுங்கள். காலுறை பலருக்குத் தோன்றாத விஷயம். பூட்டி எனப்படும் 5 மி.மீ. ரப்பர் காலுறையைப் போட்டதும் குதிகாலும் விரலும் இடம் கேட்கும். குட்டையான ஹெச்.பி. படகின் மூக்கில் அந்த இடம் இருக்காது. கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டை ஒரு படி முன்னே தள்ளினால் போதுமா, மெல்லிய பூட்டி வாங்க வேண்டுமா என்பதைப் பயணத்துக்கு முன்பே, படகில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் கரையில் உள்ள முந்தாக்காவில் பெரிய ஓத நாட்களில் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி வற்றும். அதை ஆறு மணி நேரத்துக்குச் சமமாகப் பிரித்துக் கணக்கிடுவது தவறு. பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்குகளில் மணிக்கு மணி மாறும்; நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் 2 மீட்டர். காலையில் மணல் திட்டில் அழகாக உடைந்த அலை, உங்கள் ஹீட் வரும்போது உடையாமலேயே கடந்து போகலாம். போர்ட்ரஷில் நிலைமை வேறு. அங்கே ஓதம் 2 மீட்டருக்குள். ஆகவே 'ஐரோப்பா என்றால் இப்படித்தான்' என்று ஒரு பொதுக் கணக்கு போட முடியாது. பழைய வீடியோவை நம்பியும் பயன் இல்லை. முந்தாக்காவில் ஆற்றைத் தூர்வாரியதில் மணல் திட்டே குலைந்து, 2005-இல் அங்கே நடக்கவிருந்த சர்ஃபிங் போட்டி ரத்தானது. பிறகு திட்டு மீண்டது. மணல் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

ஓத அட்டவணையின் நேரத்தையும் கவனியுங்கள். பிரிட்டனில் பல அட்டவணைகள் ஜி.எம்.டி. நேரத்தில் இருக்கும், கோடைக்கால நேரம் நடப்பில் இருந்தால் 1 மணி கூட்ட வேண்டும். ஸ்பெயினில் கோடையில் 2 மணி.

அலை முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. 8 விநாடி இடைவெளி உள்ள அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர்; 14 விநாடி என்றால் 300 மீட்டரைத் தாண்டும். இரண்டுக்கும் உயரம் 1.5 மீட்டர் என்றே எழுதியிருக்கும், ஆனால் இரண்டாவது கரையில் உயர்ந்து, வேகமாக, பலத்தோடு உடையும். வடகிழக்குப் பருவக்காற்றின் குட்டை அலையில் பழகியவர் இங்கே துடுப்பைத் தாமதமாகத் தொடங்கி அலையைத் தவறவிடுவார்.

ஹீட் பெரும்பாலும் 20 நிமிடம். சிறந்த இரண்டு அல்லது மூன்று அலைகளின் மதிப்பெண்தான் கணக்கில் வரும். எத்தனை என்று அந்தப் போட்டியின் விதியில் பாருங்கள். ஒரு அலை ஓட்டித் திரும்ப வெளியே போக 3, 4 நிமிடம் ஆகும். அப்படியானால் நான்கைந்து அலைதான் கிடைக்கும். கிடைத்ததையெல்லாம் பிடித்தால் நல்ல அலைத் தொகுதி வரும்போது நீங்கள் கரைப் பக்கம் மாட்டியிருப்பீர்கள். உடையும் முனைக்கு அருகில் இருப்பவருக்கே அலையில் முன்னுரிமை. அவர் முன்னால் நுழைந்தால் மதிப்பெண் வெட்டு விழும். முந்தாக்கா இடப்பக்கம் ஓடும் அலை; ஊரில் வலப்பக்கமே ஓட்டிப் பழகியவர் கீழ்த் திருப்பத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பழகிவிட்டுப் போக வேண்டும்.

விசாவில் ஒரு பொறி உண்டு. போர்ட்ரஷ் பிரிட்டனைச் சேர்ந்தது. டப்ளின் இருப்பது அயர்லாந்து என்ற வேறு நாட்டில். டிக்கெட் மலிவு என்று டப்ளினில் இறங்க நினைக்கும் இந்தியப் பயணிக்கு ஐரிஷ் விசா வேண்டும். பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) குறிப்புள்ள பிரிட்டிஷ் விசா இருந்தாலும் முதலில் பிரிட்டனில் நுழைந்திருக்க வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகலுக்கு ஷெங்கன் விசா. அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல பயணக் காப்பீடுகள் போட்டி விளையாட்டில் படும் காயத்தை ஏற்பதில்லை, விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சொந்தப் படகு என்றால், கிளம்பும் நாளில் நம் விமான நிலையச் சுங்கத்தில் படகையும் ரசீதையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திரும்பினால் அதே படகை வெளிநாட்டில் வாங்கியதாகக் கருதி வரி கேட்கலாம். பெட்டிகளைக் கவுன்டரில் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், அதற்கென ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.