ஸ்பானியப் பெயர்ச்சொற்கள்: ஆங்கில வழியில் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதுதான் முதல் தவறு. மேசைக்கு 'மேஸா' என்று எழுதி வைக்காதீர்கள். 'லா மேஸா' என்றே எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா'. பின்னால் வரும் பெயரடையும் அதற்கேற்ப மாறும். ஆங்கிலமும் தமிழும் இதில் கைகொடுக்காது. பொருளை யோசித்துப் பாலைக் கண்டுபிடிக்க முடியாது.

'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் சரிதான். ஆனால் அன்றாடச் சொற்களிலேயே விலக்குகள் இருக்கின்றன: கை 'லா மானோ', நாள் 'எல் தியா'. கிரேக்கத்திலிருந்து வந்து 'மா'வில் முடியும் பல சொற்கள் ஆண்பால்: எல் ப்ரொப்லேமா, எல் சிஸ்தேமா, எல் தேமா. இதைப் படித்துவிட்டு 'எல் காமா' என்று சொல்லிவிடக் கூடாது. படுக்கை 'லா காமா'தான். அது கிரேக்கச் சொல் அல்ல. 'லா ஃபோத்தோ' பெண்பாலாக இருப்பது, அது 'லா ஃபோத்தோகிராஃபியா'வின் சுருக்கம் என்பதால்.

அதிகம் குழப்புவது தண்ணீர். 'அகுவா' பெண்பால், ஆனாலும் 'எல் அகுவா' என்றே சொல்ல வேண்டும். அழுத்தம் விழும் 'அ' ஒலியில் சொல் தொடங்கினால், ஒருமையில் அதன் முன்னால் 'லா' வராது. பால் மட்டும் மாறாது: குளிர்ந்த தண்ணீர் 'எல் அகுவா ஃப்ரீயா', பன்மையில் 'லாஸ் அகுவாஸ்'. பசிக்கும் இதே கதைதான். 'எல் ஆம்ப்ரே' என்றாலும், ரொம்பப் பசி என்பது 'மூச்சா ஆம்ப்ரே', 'மூச்சோ' அல்ல. மாவைக் குறிக்கும் 'அரீனா'வில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் அது 'லா அரீனா'.

ஆங்கிலச் சொல்லின் சாயலை நம்புவது அடுத்த தவறு. கடையில் சோப்பு வேண்டி 'சோப்பா' கேட்டால் சூப்பைத்தான் காட்டுவார்கள், சோப்பு 'ஹபோன்'. 'ரோப்பா' கயிறு அல்ல, துணிமணி. 'கார்பேத்தா' கோப்புறை, தரைவிரிப்புக்கு 'அல்ஃபோம்ப்ரா'. 'லிப்ரெரியா' புத்தகக்கடை, நூலகம் 'பிப்லியோதேக்கா'. 'எக்ஸிதோ' வெற்றி, வெளியே போகும் வழிக்கு 'சலீதா' பலகையைத் தேடுங்கள். உணவில் பதப்படுத்தும் பொருள் சேர்த்திருக்கிறதா என்று கேட்கும்போது 'ப்ரெசெர்வதீவோ' என்று சொல்லவே வேண்டாம், அது ஆணுறை. சரியான சொல் 'கோன்செர்வாந்தே'.

சில சொற்களில் 'எல்', 'லா' மாறினால் பொருளே மாறிவிடும். 'எல் கபிதால்' மூலதனம், 'லா கபிதால்' தலைநகரம். 'எல் பாப்பா' போப்பாண்டவர், 'லா பாப்பா' லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. அழுத்தத்தைக் கடைசி அசையில் வைத்து 'பபா' என்றால் அப்பா.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். மக்களைக் குறிக்கும் 'லா ஹென்தே' ஒருமை. வினையும் ஒருமையில்தான் வரும். அறிவுரை, செய்தி, மரச்சாமான் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எண்ண முடியாது, ஸ்பானியத்தில் எண்ணலாம்: 'உன் கொன்செஹோ', 'உனா நொதீஸியா', 'உன் முவேப்லே'. இங்கே 'உன்', 'உனா' என்பவை 'ஒரு' என்பதன் ஆண்பால், பெண்பால் வடிவங்கள்.

எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டுச் சொல்லைப் படியுங்கள். 'தோர்தீயா' என்றால் ஸ்பெயினில் முட்டை ஆம்லெட், பெரும்பாலும் உருளைக்கிழங்கு சேர்த்தது. மெக்சிகோவில் சோள ரொட்டி. பழச்சாறு ஸ்பெயினில் 'ஸூமோ', லத்தீன் அமெரிக்காவில் 'ஹூகோ'. 'குவாகுவா' கியூபாவிலும் கேனரி தீவுகளிலும் பேருந்து, சிலியில் கைக்குழந்தை.