சினிமா வீரனின் போர்வை மழைக்கு ஆகாது: பழங்காலப் பயணப் பொருட்களைக் கையால் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பளி மேற்போர்வை, தோல் பை, மெழுகு பூசிய கேன்வாஸ் கூடாரம், சிக்கிமுக்கிக் கல். இவற்றைத் தானே செய்துகொண்டு காட்டுப் பக்கம் போய் ஒரு ராத்திரி தங்கிவருவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. நம்மிலும் சிலருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. பெரும்பாலும் ஃபேன்டஸிப் படங்களிலிருந்துதான் அது தொற்றுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் அளவையும் துணியையும் படத்திலிருந்தே எடுப்பதுதான் முதல் தவறு. படத்தில் வருகிற போர்வை கேமராவுக்காகத் தைத்தது. காற்றில் பறக்க வேண்டும், பின்னால் புரள வேண்டும். அதைப் போட்டவர் இரண்டு நிமிடம் நடப்பார், ‘கட்’ சொன்னதும் கழற்றிவிடுவார்.

நிஜ மாதிரி வேண்டுமென்றால் அகழ்வாய்வுப் பொருட்களைப் பாருங்கள். ஸ்வீடனில் வார்பெர்க் ஊருக்குப் பக்கத்தில் பாக்ஸ்டென் சதுப்பு நிலத்தில் 1936-ல் ஒரு மனிதனின் எலும்புகளும் உடைகளும் கிடைத்தன. 14-ஆம் நூற்றாண்டுக்காரன். அங்கி, போர்வை, காலுறை, தலைமூடி எல்லாமே கம்பளி. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தில் 1921-ல் டென்மார்க்கின் பவுல் நோர்லுண்ட் தோண்டியெடுத்த உடைகளும் அப்படித்தான். தையல் வரைக்கும் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வெட்டுப்படங்கள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம்: தலைமூடி தோளையும் சேர்த்து மூடுகிற தனி உடுப்பு. போர்வையோடு சேர்த்துத் தைத்த தொப்பி பார்க்க அழகாக இருக்கும். நனைந்த பிறகு அதன் எடை பின்னால் இழுக்கும். முன்னால் கொக்கி தொண்டையை அழுத்தும். தலையைத் திருப்பினால் முகம் துணிக்குள் போய்விடும். தனித்தனியாகத் தைத்தால் இந்த மூன்று தொல்லையும் இல்லை.

அடுத்தது நீளம். தோளிலிருந்து கணுக்கால் வரை 130 செ.மீ. வைத்து முழுவட்டமாக வெட்டினால் 5.3 சதுர மீட்டர் துணி போகும். சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள நல்ல கம்பளி என்றால் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. மழையில் ஊறினால் கம்பளி தன் எடைக்கு மேலேயே தண்ணீரைப் பிடிக்கும். ஆறு கிலோவைத் தோளில் போட்டு யார் மலையேறுவது? ஏற்றத்தில் முன்பக்க ஓரத்தை நாமே மிதிப்போம். அடுப்பருகே குனிந்தால் அது நெருப்புக்குள் போகும். அதே துணியில் 110 செ.மீ. ஆரத்துக்கு அரைவட்டம் வெட்டுங்கள்: ஒன்றேகால் கிலோகூட வராது, சுமார் 1.15 கிலோதான். கெண்டைக்கால் வரை மூடும், 150 செ.மீ. அகலத் துணியில் 2.2 மீட்டர் வாங்கினால் போதும், மிச்சத்தில் தலைமூடிக்கும் தேறும்.

அரைவட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தையல்காரர்களுக்குத் தெரியும். துணி கிராஸாக வருகிற இடங்கள் தன் எடையிலேயே இறங்கும். வெட்டிய அன்றே ஓரம் மடித்துத் தைத்தால் ஒரு வாரத்தில் பக்கங்கள் வாலாகத் தொங்கும். இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு ஓரத்தைச் சமமாக வெட்ட வேண்டும். இன்னும் சுலபம், செவ்வகப் போர்வை. வட ஐரோப்பியர் செய்தது போல வலது தோளில் ஊக்குக் குத்தினால் வலது கை முழுக்க விடுதலை. தைக்கவே வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஆனால் ஒருவரும் கேட்பதில்லை; எல்லாருக்கும் தொப்பி வைத்த பச்சைப் போர்வைதான் வேண்டும்.

துணி விஷயத்தில் ஏமாறுவது ரொம்ப எளிது. கடையில் கம்பளி என்று அடுக்கி வைத்திருப்பதில் அக்ரிலிக், பாலியஸ்டர் ஏராளம். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். ஆட்டுக் கம்பளி முடி கருகும் நாற்றம் வீசும், தீக்குச்சியை எடுத்தால் தானே அணையும், மிஞ்சும் கரிமணி விரலில் நசுங்கிப் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சொட்டும். ஆறிய பின் கல் மாதிரிக் குண்டு நிற்கும். இது கடைக்காரரின் நேர்மையைச் சோதிப்பது மட்டும் இல்லை. பாலியஸ்டர் சுமார் 255 டிகிரி செல்சியஸிலேயே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி தீப்பிடிக்க 570 டிகிரிக்கு மேல் வேண்டும். கணப்பின் முன்னால் உட்காரப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கலப்பு நூலாக இருந்தால் சோதனை குழப்பும். சந்தேகமாக இருந்தால் வாங்காதீர்கள்.

வாங்கிய துணியை வெட்டும் முன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு நன்றாகத் துவைத்து அலச வேண்டும். சுருங்கும், சுருங்கட்டும். இழைகள் ஒன்றோடொன்று கொளுவி நெசவு அடைபடுகிறது. ஆலைக் காலத்துக்கு முன் ஐரோப்பாவில் இதைக் காலால் மிதித்தே செய்தார்கள். நன்றாக அடைபட்ட துணியின் ஓரம் பிரியாது, காற்றும் சுலபத்தில் நுழையாது. தக்காணத்து மேய்ப்பர்கள் தலையில் கொங்காணியாகப் போட்டு மழையில் நிற்கிற கருங்கம்பளி கையில் கிடைத்தால் விடாதீர்கள். சொரசொரப்பாக இருக்கும், கழுத்தில் குத்தும், உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளலாம். இறக்குமதித் துணிக்கு ஏங்குகிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மெழுகும் எண்ணெயும்

மற்ற தவறுகளில் பணம் போகும், தோள் வலிக்கும். இங்கே வீடே எரியலாம். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கேன்வாஸை மழைக்குத் தாங்க வைக்கப் பழைய வழி ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு இரண்டும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவார்களே, அதே எண்ணெய்தான். அது ஈரத்துணி மாதிரி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, இறுகும்போது சூடு வெளியாகிறது. விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த கந்தலைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் சூடு உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். கந்தலை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்; முடியாவிட்டால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள். பூசிய கூடாரத் துணியையும் முழுக்கக் காயும் முன் மடித்து வைக்கக் கூடாது.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைப் பூசுகிறவர்கள் உண்டு. அது இறுகும் வகை எண்ணெய் இல்லை. வருடம் ஆனாலும் பிசுபிசுக்கும், தூசு பிடிக்கும், சிக்கு வாடை வரும், எறும்பு வரும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்குவதும் வேண்டாத வேலை. 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் பொருளுக்கு எதற்குத் தீ? கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்தாலே போதும். டர்பன்டைன் கலக்கப் போகிறீர்கள் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே எடுத்துப் போய்க் கலக்குங்கள். அதன் ஆவி சுமார் 35 டிகிரியிலேயே பற்றக்கூடியது.

மெழுகுக் கூடாரத்துக்குள்ளோ அதை ஒட்டியோ நெருப்பு கூடவே கூடாது. 1944 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் நிமிடங்களில் எரிந்து விழுந்தது. பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகைப் பூசித்தான் அந்தத் துணியை மழைக்குத் தாங்க வைத்திருந்தார்கள். உருகிய மெழுகு எரிந்தபடியே கூட்டத்தின் மேல் கொட்டியது. இறந்தவர்கள் 167 பேர். நம் கூடாரம் சின்னது, ஆனால் வேதியியல் அதேதான்.

உண்மையில் பல கூடாரங்களுக்கு மெழுகே தேவையில்லை. நெருக்கமாக நெய்த பருத்தி கேன்வாஸ் நனைந்தால் நூல் உப்பி ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். புதுக் கூடாரத்தை மொட்டை மாடியில் கட்டி, ஹோஸால் நன்றாக நனைத்துக் காயவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால் தையல் துளைகளும் இறுகும். இதைச் செய்யாமல் நேராக மழைக்குக் கொண்டுபோய், ‘ஒழுகுகிறது’ என்று மெழுகைத் தேடுவார்கள். கூரைச் சரிவும் செங்குத்தாக இருக்க வேண்டும். மழை பெய்யும்போது உள்பக்கத் துணியைத் தொடாதீர்கள். தொட்ட இடத்தில் சொட்டும். மெழுகு தடவிய துணிக்கு நம் வெயிலும் பகை: மே மாதத்தில் காருக்குள் விட்டால் இளகி எல்லாவற்றிலும் ஒட்டும்.

தோல்

பழங்காலத் தோல் வேலைக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. இன்று செருப்பு, கைப்பைக் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இன்னொரு சோதனை உண்டு. ஈரப்படுத்தி நகத்தால் கீறுங்கள். பட்டைத் தோலில் கோடு தங்கும், குரோமில் மறைந்துவிடும். குரோம் தோலில் பூ வேலை நிற்காது, பெல்ட் செய்தால் நீண்டுகொண்டே போகும். நமக்கு இதில் அதிர்ஷ்டம் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டு உலகத்துக்கு அனுப்பிய ஊர்கள் நம்முடையவை. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கம் விசாரித்தால் பட்டைத் தோல் கிடைக்கும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. கனம் பார்த்து வாங்குங்கள்.

தைக்கும்போது ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைத்துத் தைக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை நிற்கும். மெஷின் தையலில் ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரியும். நனைந்த தோலை நெருப்பருகே காயவைக்காதீர்கள், சுருங்கி வெடிக்கும். ‘அந்தக் காலத்தில் தோலைக் கொதிக்க வைத்துக் கவசம் செய்தார்கள்’ என்று படித்துவிட்டுப் பானையில் போடுகிறவர்களுக்கும் அதே கதிதான்: கொதிநீரில் பட்டைத் தோல் சில நொடியிலேயே சுருண்டு, உடையக்கூடிய கட்டையாகிவிடும். இரும்பு வளையம் பட்டைத் தோலில் ஈரத்தோடு பட்டால் கறுப்புக் கறை விழும், பித்தளை போட்டுக்கொள்ளலாம்.

பெல்ட்டில் ஆறு பை தொங்கவிடுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். நடந்தால் ஒவ்வொன்றும் தொடையில் அடிக்கும். இடுப்பில் ஒரு சின்னப் பை போதும், மிச்சமெல்லாம் தோள்பைக்குள்.

நெருப்பு

சிக்கிமுக்கியில் பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். கல்லின் கூர்முனை எஃகைச் சீவுகிறது, சீவிய துகள் காற்றில் எரிகிறது. ஆக, எஃகுதான் முக்கியம். கட்டுமானக் கம்பியை வளைத்து அழகாகச் செய்வார்கள், ஒரு பொறி வராது. அதில் கரிச்சத்து குறைவு. தேய்ந்த பழைய அரம் வாங்குங்கள். கொல்லரிடம் கொடுத்தால், காந்தம் ஒட்டாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி முக்கித் தருவார். கத்திக்குச் செய்வது போல மறுபடி லேசாகச் சூடாக்கி இளக்கிவிட வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் செய்துவிடுவார். இளகிய எஃகில் கல் வழுக்கும், பொறி செத்துவிடும். கல்லுக்கு வெள்ளைக் குவார்ட்ஸே போதும், ஆனால் உருண்டைக் கூழாங்கல் ஆகாது, உடைத்த கூர் விளிம்பு வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்.

பொறியைப் பிடிக்கக் கருக்கிய துணி. பழைய பருத்தி வேட்டி இதற்கு அருமை, பாலியஸ்டர் கலந்தது உருகிக் கெடும். தகர டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டுத் தணலில் வையுங்கள். புகை நின்றதும் வெளியே எடுத்து, முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். துத்தநாகம் பூசிய டப்பா வேண்டாம், அதன் புகை கெடுதல். கடலோர ஊர்களில் கருக்கிய துணி காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். இறுக்க மூடிய டப்பாவிலேயே இருக்கட்டும். பொறி பிடித்த துணியை உதறிய தேங்காய் நாருக்குள் வைத்து ஊதினால் பற்றும்.

காப்புக்காட்டில் இதையெல்லாம் செய்யக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சொந்தத் தோட்டம், அல்லது தீ மூட்ட அனுமதியுள்ள முகாம் மட்டும்.

இடுப்பில் நீளக் கத்தி தொங்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு, விவசாயம் போன்ற வேலைகளுக்கென்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு நம் நாட்டு ஆயுத விதிகளில் ஆயுதப் பட்டியலுக்குள் வரும். விரல் நீளக் கத்தியில் முகாம் வேலை எல்லாம் முடியும்.

புதுப் பொருளைப் பழசாகக் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, தீயில் வாட்டுவது இன்னொரு வினை. அடி தாங்க வேண்டிய தையல் ஓரத்தைத்தான் முதலில் பலவீனப்படுத்துகிறார்கள். ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த ஓட்சி என்ற ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதனின் தோலாடையில் பழுது பார்த்த இடங்கள் அப்படியே தெரியும். சில இடத்தைப் புல் இழையால் ஒட்டுப்போட்டிருக்கிறான். பழசு என்பது அப்படி வருவது. அவன் காலணிக்குள் வைக்கோல் போலப் புல் அடைத்திருந்தது. அதே மாதிரி செய்து மலையில் நடந்து பார்த்தவர்கள் குளிருக்கு நன்றாகவே தாங்குகிறது என்கிறார்கள். ஆனால் வழவழப்பான தோல் அடியுள்ள எந்தப் பழங்காலச் செருப்பும் நம் மழைக்காலப் பாறையில் வழுக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரப்பர் அடி ஒட்டிக்கொள்ளுங்கள், யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

திரும்பி வந்ததும் எதையும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். கேன்வாஸில் இரண்டு மூன்று நாளிலேயே கறுப்புப் பூஞ்சைப் புள்ளி விழும், துவைத்தாலும் போகாது. தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கம்பளியை வெயிலில் விரித்து, தட்டி உதறி, இறுக்கமாக மூடும் பெட்டியில் போடுங்கள். அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் சோற்றுக் கறையும் பட்ட இடம்தான் முதலில் பிடிக்கும். அதனால் கழுத்துப் பக்கத்தையும் முன்பக்கத்தையும் மட்டுமாவது அலசிவிட்டு வைப்பது நல்லது.