பழைய காருக்கு முதல் செலவு எதில்?

நீண்ட நாள் கவனிக்காமல் நின்ற காரை வாங்கியதும் மனம் பெயின்ட், சீட் கவர் என்று போகும். அதெல்லாம் அப்புறம். கையிலிருக்கும் பணம் முதலில் பிரேக்குக்கும் டயருக்கும்தான்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் 'DOT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பத்து வருடம் தாண்டியிருந்தால், பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள், ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் சூடேறி ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான், தயங்காதீர்கள்.

டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் ரப்பர் பட்டை) உள்ள எஞ்சினா? எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றாமல் ஓட்டவே வேண்டாம். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு மொத்தப் பட்ஜெட்டும் போச்சு.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிட்டு, முனைகளில் பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கலந்த நீரால் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் மாட்டிப் பாருங்கள்.