போஸ்டிங் கவலையை ரயிலிலேயே இறக்கிவிடுங்கள்

வார்டு போஸ்டிங் (மருத்துவமனை வார்டில் பயிற்சி) முடிந்து கோலாலம்பூரில் எல்.ஆர்.டி ரயில் ஏறியதும், உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அன்று பார்த்ததில் மூன்றை மட்டும் நோட்ஸைப் பார்க்காமல் கைப்பேசியில் தட்டிவிடுங்கள்: ஒரு மருந்து, ஒரு செய்முறை, சிஸ்டரிடம் திட்டு வாங்கிய ஒரு தவறு. "ஃப்ரூசமைடு, பொட்டாசியம் பார்க்கணும்" என்ற அளவு போதும், மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறுவதற்குள் முடிந்துவிடும். நினைவிலிருந்து தோண்டி எடுத்தது, பத்து தடவை வாசித்ததைவிட மனதில் நன்றாக நிற்கும். அப்புறம் அந்தத் திட்டும் எழுத்தில் இறங்கிவிடுவதால் ராத்திரி படுக்கை வரை கூடவே வராது (கொஞ்சம் வரும், பொய் சொல்ல மாட்டேன்). நோயாளி பெயர், கட்டில் எண் எதுவும் எழுத வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்த காலையில் இது சரிப்படாது, போய்த் தூங்குங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சும்மா சும்மா அழுகை வருகிறது என்றால் இந்தக் குறிப்பு போதாது. பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் (மனக்கஷ்டத்தைப் பேச ஓர் உதவித் தொலைபேசிச் சேவை), 03-7627 2929, 24 மணி நேரமும் அழைக்கலாம்.