கடல்நீரிலும் கழிமுகத்திலும் அமோனியா அளப்பது எப்படி: இண்டோஃபினால் நீல முறை

அமோனியா, ஃபினால், ஹைப்போகுளோரைட் மூன்றும் காரத்தன்மையில் சேர்ந்தால் நீலச் சாயம் உண்டாகும். நீலம் அடர்ந்தால் அமோனியா அதிகம். அமோனியாவும் அமோனியம் அயனியும் சேர்ந்த மொத்த அளவு இதில் கிடைக்கும்.

கரைசல்கள்

- ஃபினால்: 10 கிராம், 95% எத்தனால் 100 மி.லி.யில். தோலைப் பொசுக்கிவிடும். கையுறை, புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் தொடாதீர்கள்.
- சோடியம் நைட்ரோபுருசைடு: 1 கிராம், 200 மி.லி. நீரில். பழுப்புப் புட்டியில் வையுங்கள்.
- கார சிட்ரேட்: டிரைசோடியம் சிட்ரேட் 100 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 5 கிராம், 500 மி.லி. நீரில். கடல்நீரின் மக்னீசியம் வெள்ளையாகப் படியாமல் காப்பது இந்த சிட்ரேட்தான்.
- ஆக்சிஜனேற்றி: கார சிட்ரேட் 4 பங்கு, சுமார் 5% குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் 1 பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழைய ஹைப்போகுளோரைட்டில் குளோரின் குறைந்திருக்கும். நிறமும் வெளிறித்தான் வரும்.

தரக் கரைசல்

அமோனியா அளவு முன்பே தெரிந்த, ஒப்பிடுவதற்கான கரைசல் இது. உலர்த்திய அமோனியம் குளோரைடு 0.535 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை நூறு மடங்கு நீர்த்தால் 100 மைக்ரோமோலார். இதில் 1, 2, 5, 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் 1, 2, 5, 10 மைக்ரோமோலார் கிடைக்கும்.

செய்முறை

1. 10% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவிய புட்டியை மாதிரி நீராலேயே மூன்று முறை அலசி நிரப்புங்கள். கலங்கல் இருந்தால் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டுங்கள். வடிதாளிலும் அமோனியா ஒட்டியிருக்கும் என்பதால் முதலில் வடிவதைக் கொட்டிவிடுங்கள்.
2. இரண்டொரு மணி நேரத்துக்குள் சோதியுங்கள். முடியாவிட்டால் உடனே உறையவையுங்கள்.
3. 50 மி.லி. மாதிரியில் ஃபினால் 2, நைட்ரோபுருசைடு 2, ஆக்சிஜனேற்றி 5 மி.லி. இதே வரிசையில் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கலக்குங்கள்.
4. மூடி, இருட்டில், அறை வெப்பநிலையில் 1 மணி நேரம் வையுங்கள்.
5. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறக் கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) 640 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள். 1 செ.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) 1 மைக்ரோமோலாருக்குக் கிடைக்கும் ஒளி உறிஞ்சல் ஏறக்குறைய 0.02தான். தெளிந்த கடல்நீருக்கு 5 அல்லது 10 செ.மீ. குவெட் வேண்டும்.
6. வினைப்பொருள் சேர்க்காத மாதிரியின் அளவீட்டையும் வெற்றுக் கரைசலின் (மாதிரிக்குப் பதில் தூய நீரில் எல்லா வினைப்பொருளும் சேர்த்தது) அளவீட்டையும் கழியுங்கள். ஃபினால் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

எங்கே தவறும்?

பெரும்பாலும் வெற்றுக் கரைசலில். ஆய்வகத் தரையைத் துடைத்த அமோனியா திரவம், சிகரெட் புகை, பழைய காய்ச்சி வடித்த நீர், எதிலிருந்தும் அமோனியா உள்ளே புகும். வெற்றுக் கரைசலே நீலமானால் முதலில் நீரைச் சந்தேகியுங்கள்.

கழிமுகத்தில் இன்னொரு சிக்கல் உப்பு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்புத்தன்மை வடகிழக்குப் பருவமழையில் வெகுவாக இறங்கிவிடும். உப்பு மாறினால் வினை நடக்கும் பி.எச். மாறி, ஒரே அளவு அமோனியாவும் வேறு நிறம் தரும். அமோனியா குறைந்த கடல்நீரைத் தூய நீரில் கலந்து 0, 10, 20, 35 உப்புத்தன்மைகளில் தரக் கரைசல் வரிசைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அமோனியா அளவுக்கு எதிராக அளவீட்டைக் குறித்துத் தரக்கோடு வரைந்து, மாதிரியின் உப்புத்தன்மைக்கு நெருங்கிய தரக்கோட்டையே பயன்படுத்துங்கள். அடையாறுபோல் சாக்கடை கலக்கும் இடத்து நீரின் அளவீடு தரக்கோட்டின் உச்சியைத் தாண்டிப்போகும். அதே உப்புத்தன்மையுள்ள நீரால் நீர்த்துவிட்டு, புதிதாக வினைப்பொருள் சேர்த்து அளக்க வேண்டும். நீலமான பிறகு நீர்த்தால் கணக்கு சரியாக வராது.

மீனைக் கொல்வது அயனியாகாத அமோனியா. 25 டிகிரியில் பி.எச். 8 என்றால் அது மொத்தத்தில் சுமார் 20இல் ஒரு பங்கு; 9ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். அதனால் மாதிரி எடுத்த இடத்திலேயே பி.எச்., வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.