நடப்பு நிகழ்வுக் கேள்விகளை நானே எழுத ஆரம்பித்தேன்

ஈரோட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்த மாதிரி வினாத்தாள்களில் பெரும்பாலும் விருது யாருக்கு, மாநாடு எங்கே என்றுதான் இருந்தது. ஆனால் நான் படிக்கிற யூபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வு செய்திக்குப் பின்னால் இருக்கிற அடிப்படையைத்தான் நோண்டும்.

அதனால் நானே எழுத ஆரம்பித்தேன். 2024-இல் நம்ம திருப்பூர் நஞ்சராயன் பறவைகள் சரணாலயம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது இல்லையா, அதை வைத்து மூன்று கூற்று: ராம்சர் ஒப்பந்தம் 1971-இல் ஈரானில் கையெழுத்தானது, பட்டியலில் சேர்ந்தாலே அந்த இடம் தேசியப் பூங்கா ஆகிவிடும், அந்தப் பட்டியலில் சீர்கேட்டு அபாயத்தில் உள்ள இடங்களைக் குறிக்கும் மாண்ட்ரூ பதிவேட்டில் ராஜஸ்தானின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்டாக் ஏரியும் இருக்கின்றன. எத்தனை சரி? இரண்டு. "எவை சரி" என்று கேட்டால் ஒன்றைத் தட்டிவிட்டே விடைக்கு வந்துவிடலாம், "எத்தனை" என்றால் மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

நடுவில் இருக்கிற அந்தத் தவறான கூற்றை எழுதத்தான் நேரம் பிடிக்கும், ஆனால் நிஜமான படிப்பு அங்கேதான் நடக்கிறது, எந்த இடத்தில் நம்மை மடக்குவார்கள் என்று கேள்வி எடுப்பவர் பக்கம் போய் யோசிக்க வேண்டியிருக்கும். தப்பான விடைக்கு அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதனால் சந்தேகமானதற்குத் தனிக் குறி போடுகிறேன். அப்புறம், கூடப் படிக்கிற தம்பியும் நானும் தாளை மாற்றிக்கொள்கிறோம், அவன் எழுதும் கூற்றுகள் என்னுடையதைவிடப் பொல்லாதவை.